முதல் காது

உங்கள் மேஜை விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டிக்' என்று இடிக்கிறது, மேடம். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். என் காது அப்படி. மற்றவர்களுக்கு நாக்கு எப்படியோ, எனக்குக் காது அப்படி.

என் பெயர் அருண்பிரசாத். சௌல்தாரியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு கொட்டகை, ரோட்டோரத்தில் ஒரு கறிக்கடை, அவ்வளவுதான். எங்கள் ஊர் நாலாவில், அந்த உப்புத்தண்ணீர் ஓடையின் படியில், இறந்துபோன அஃப்ஷீன் விஷயமாகப் பேச வந்தேன். முதலை இழுத்துப்போன விபத்து என்று நீங்கள் கேஸை எழுதி முடித்துவிட்டீர்கள். உங்கள்மேல் தப்பில்லை, கையில் இருந்ததை வைத்துத்தானே எழுத முடியும். கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்கிறேன். வளவளவென்று போகிறது என்று தோன்றினால் கையைக் காட்டுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

நான் வளர்ந்தது ஹேடோவில், துறைமுகக் குவார்ட்டர்ஸில். அப்பா ஜெகநாதன் அங்கே கிரேன் ஓட்டினார். கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன் இங்கே நெட் எந்த லட்சணத்தில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பாட்டை டவுன்லோடு போட்டுவிட்டு, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தாலும் பாதிதான் வந்திருக்கும். அதனால் மெயின்லாந்தில் வரும் புதுப்பாட்டெல்லாம் வெங்காயத்தோடும் உருளைக்கிழங்கோடும் கப்பலில்தான் வரும். சென்னைக் கப்பலின் சமையல்கட்டில் வேலை பார்த்த பழனிசாமி அண்ணன் ஒவ்வொரு நடைக்கும் ஒரு மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக் கொண்டுவருவார். கப்பலைத் துறையில் கட்டியதும் அந்தக் கார்டு முதலில் என் கைக்குத்தான் வரும். அவருக்கு அம்மா செய்த முறுக்கு, எனக்குக் கார்டு. இதுதான் எங்கள் ஒப்பந்தம்.

மற்றவர்கள் சினிமாப் பாட்டுக்கு அலைந்தார்கள். எனக்கு ராப்தான். பீட் விழுவதற்கு முன்னால் எல்லாச் சத்தமும் ஒரு கணம் நின்றுபோகுமே, அந்த இடத்துக்காக நான் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். படகுத்துறை ஜெட்டியிலிருந்து படகில் கால் வைத்ததும் படகு ஒரு சாண் கீழே இறங்கும், பிறகு மேலே வரும். அந்த மாதிரி. ஒரே பாட்டுக்கு நாலு ரீமிக்ஸ் வந்தால் நாலையும் கேட்பேன். எவன் எங்கே வெட்டினான், எங்கே ஒட்டினான், எவன் சோம்பேறித்தனமாக அப்படியே விட்டான் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். ஹேடோவில் புதுசாக ஒரு ட்ராக் வந்ததாகப் பேச்சு வந்தால், "அருண்கிட்ட வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள். பெங்காலி, தெலுங்கு, மலையாளி, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் போனை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். நான் ஒரு தடவை முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை யாருக்கும் கொடுத்ததில்லை. இந்தத் தீவிலேயே இந்தப் பாட்டை இந்த நேரத்தில் கேட்டிருப்பது நான் ஒருவன்தான் என்ற நினைப்பு இருக்கிறதே மேடம், அதற்கு ஈடாக இதுவரை வேறெதையும் நான் பார்க்கவில்லை. கல்யாணம்கூட அதனால்தான் தள்ளிப்போனதோ என்னவோ.

அப்புறம் கேபிள் வந்தது. ஊரே கொண்டாடியது. நானும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். அதற்குள் அப்பா ரிட்டயர் ஆகி, நாங்கள் சௌல்தாரிக்கு வந்து கோழி வளர்க்க ஆரம்பித்திருந்தோம். ஒருநாள் காலையில் கறி வாங்க வந்த அங்கம்மாக்காவின் போன் அடித்தது. நான் இன்னும் கேட்டிராத ட்ராக். முந்தின நாள்தான் வந்ததாம், மருமகள் வைத்துக் கொடுத்தாளாம். அறுபது வயது அம்மாள், பேஸ் என்றால் என்ன, பீட் என்றால் என்ன என்று தெரியாது. என்னை முந்திவிட்டாள். ஈரலைத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

ஷமீர் வந்தது அந்தச் சமயத்தில்தான். அபர்டீன் பஜாரில் போன் கவர் கடை வைத்திருக்கிற அப்துல் ஜப்பார் பாயின் மகன். கடைக்குள் உட்கார்ந்து போனிலேயே பேசிப் பதிந்துவைத்திருந்த ராப்பை யாரோ சொல்லி என்னிடம் கொண்டுவந்தான். ரெக்கார்டிங் மகா மட்டம், ஆட்டோ சத்தமெல்லாம் உள்ளே இருந்தது. ஆனால் குரலில் பசி இருந்தது. தமிழும் நம் ஊர் ஹிந்தியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, ஹேடோ வார்ஃபில் கன்டெய்னர் இறக்குகிற மாதிரி வந்து விழுந்தன. கோழித்தீவனம் வைக்கிற அறையைக் காலி செய்தேன். முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டினேன். எதிரொலி அடிக்காது. கடனில்லாமல் நல்ல மைக் ஒன்று வாங்கினேன். அவன் பாடினான், நான் வெட்டி ஒட்டி பீட் வைத்தேன். முதல் ட்ராக் முடிந்த அன்றைக்கு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, இனிமே நான் எது போட்டாலும் மொதல்ல நீங்கதான் கேக்கணும். நீங்கதான் என் மொதல் காது."

அவனாகத்தான் சொன்னான். நான் கேட்டு வாங்கவில்லை.

அடுத்த வருஷம் அவன் உம்மா இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் மெயின்லாந்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். வானிலை சரியில்லை, கப்பல் கிளம்பவில்லை. 'கல் சுபா', நாளைக் காலை, நாளைக் காலை என்று கப்பல்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் உம்மா போய்விட்டார்கள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து ஷமீர் நேராக என் அறைக்கு வந்தான். மைக் முன்னால் நின்று ஒரே மூச்சில் பாடினான்:

"கப்பல் வரல, கப்பல் வரல, கல் சுபான்னான்
உம்மா மூச்சு அதுவரைக்கும் நில்லுன்னா நிக்குமா."

இரண்டாவது டேக் எடுக்கவில்லை. அவன் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான், நான் ஹெட்போனில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டிக் கொடுத்திருக்கலாம். எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவு நன்றாக வந்திருந்தது. வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே கேம்பல் பே வரை அந்த ட்ராக் ஓடாத போன் இல்லை. அவர்கள் எல்லோருக்கும் முன்னால் நான் கேட்டேன்.

அந்த நாளில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஷமீருக்கு வலித்தால் பாட்டு வரும்.

பிறகு அஃப்ஷீன் வந்தாள். நர்சரி ஸ்கூல் டீச்சர், ஒல்லியாக, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண். நிச்சயம் முடிந்ததும் அவளையும் அவள் தங்கையையும் அழைத்துக்கொண்டு ஷமீர் என் அறையைக் காட்ட வந்தான். முட்டை அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டாள், வீட்டிலிருந்து செய்துகொண்டுவந்த வட்டிலப்பத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். நல்ல பெண், மேடம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புது ட்ராக் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பாதியில் கையைத் தூக்கினாள், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது மாதிரி.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. மூணாவது வரியில மூச்சு ரெண்டு தடவ வாங்குது. ஒண்ணு ஷமீரோடது. இன்னொண்ணு ஒட்டினது."

நான் திரும்பப் போட்டேன். உண்மைதான். என் கண்ணில், என் காதில் என்று சொல்ல வேண்டும், படவே இல்லை. அத்தனை வருஷத்தில் எவனும் என் வேலையில் ஒட்டுக் கண்டுபிடித்தது கிடையாது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். வகுப்பில் எது நிஜ அழுகை, எது பொய் அழுகை என்று கண்டுபிடிப்பதுதான் நாள் முழுக்கத் தன் வேலை என்று சொல்லிச் சிரித்தாள். ஷமீருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் வாய் தவறி, "அண்ணன் இந்த எடத்துல ஒரு மூச்ச ஒட்டுவாருன்னு நேத்தே சொன்னா அண்ணே, நான்தான் நம்பல" என்றான்.

நேற்றே. அந்த ட்ராக்கை அவன் போனிலேயே பாடிப் பதிந்து முந்தின ராத்திரிதான் எனக்கு அனுப்பியிருந்தான். எனக்கு முன்னால் அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தது நான்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று தள்ளிவிடலாம் என்றால், அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் சிக்கல்.

அதற்கப்புறம் ஷமீர் செய்ததெல்லாம் பாயசம். நிலா, மருதாணி, மொட்டைமாடி. பீட்டுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது? கல்யாணத்துக்கென்று ஒரு பாட்டு போட்டான். என் மைக்கிலேயே பாடினான், நானே மிக்ஸ் செய்தேன், ஒவ்வொரு வரிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவனிடம் பக்குவமாகச் சொல்லிப்பார்த்தேன். குரலில் பசி போய்விட்டது, தம்பி, சாப்பிட்டுப் படுத்தவன் குரலாக இருக்கிறது என்றேன். அவன் சிரித்தான்.

"சந்தோஷமா இருக்கறது தப்பா அண்ணே?"

தப்பில்லை என்றேன். ஆனால் ஒரு நல்ல குரல் கண்ணெதிரே ஊறிப்போன பிஸ்கட் மாதிரி ஆவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படிச் சரியாகும்? எங்கேயாவது ஒருவன் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். அவன் வாப்பாவுக்குப் பாட்டு தெரியாது, அவனுக்கு அவன் அருமை தெரியாது. நான்தான் இருந்தேன்.

இப்போது நாலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கொட்டகைக்குப் பின்னால் பாக்குத்தோப்பு, அதைத் தாண்டினால் சதுப்புக் காட்டுக்குள் உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் நாலா. ரோடு வருவதற்கு முன் படகில் சாமான் இறக்கிய பழைய கல்படி ஒன்று அங்கே இருக்கிறது. இப்போது யாரும் போவதில்லை. கறிக்கடையில் குடல், தலை, கால் எல்லாம் மிஞ்சும். நாற்றம் தாங்காமல் அதை அந்தப் படியில் கொண்டுபோய்க் கொட்டுவது வழக்கம். கொட்டக்கூடாது, முதலை வரும் என்று காட்டிலாகாவில் சொல்வார்கள். சொன்னது நிஜம்தான், வந்தது. முதலில் தூரத்தில் மூக்கு மட்டும் தெரிந்தது. நான் கொட்டுகிற இடத்தை ஒவ்வொரு படியாக மேலே கொண்டுவந்தேன், நேரத்தையும் மாற்றாமல் பொழுது சாயும் வேளைக்கே வைத்துக்கொண்டேன். நாளடைவில் வாளி கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் போதும், கடைசிப் படிக்கடியில் தண்ணீர் லேசாகத் தடிக்கும். அதற்கும் காது நன்றாகவே இருந்தது.

முதலைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை ஒன்று படிக்கு மேலே நட்டிருந்தார்கள். காற்றில் சாய்ந்து கிடந்தது. தகரத்தை வீணாக்குவானேன் என்று பிடுங்கிவந்து கோழிக்கொட்டகைக்குக் கதவாக அடித்தேன். படம் உள்பக்கம். இப்போதும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

கார் நிக்கோபாரில் ஒரு விழாவுக்குப் பாட ஷமீரைக் கூப்பிட்டார்கள். போகும்போது கப்பல் ஏற்றிவிட்டது நான்தான். வாந்தி மாத்திரை மறக்காமல் போட்டுக்கொள்ளச் சொன்னேன், கடல் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. அவன் கடலில் இருக்கும்போதே என் வேலையை முடித்தாக வேண்டும்.

நிக்கோபார் கப்பலில் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. நடுக்கடலில் டவர் கிடையாது. வாய்ஸ் நோட் பேசிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். ஏதாவது ஒரு தீவைத் தாண்டும்போது ஒரு நிமிடம் சிக்னல் கிடைத்தால் அது தானாகப் போய்ச் சேரும். திருப்பிக் கூப்பிட்டால் கிடைக்காது. கிடைக்காதது நமக்குப் பழகிப்போனதால் சந்தேகமும் வராது. மெயின்லாந்துக்காரி என்றால் நாலு பேரை விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவாள். நாம் அப்படியில்லை, கப்பலிலிருந்து வந்த குரல் என்ன சொல்கிறதோ அதைச் செய்துவிட்டுக் காத்திருப்போம்.

என்னிடம் ஷமீரின் பல வருஷத்துக் குரல் இருந்தது. பாடியது, பேசியது, இருமியது, மைக் சரிபார்க்க ஒன்று இரண்டு மூன்று சொன்னது. அதிலிருந்து சொல் சொல்லாக எடுத்தேன். 'அஃப்ஷீன்' என்பதைக் கல்யாணப் பாட்டிலிருந்து எடுத்தேன். அந்தப் பாட்டால் கிடைத்த ஒரே உபயோகம் அதுதான். 'டோங்கி' என்ற சொல்லுக்குத்தான் கஷ்டப்பட்டேன். மீனவப் படகைப் பற்றி அவன் எப்போதோ சொன்ன ஒரு கிண்டலில் கிடைத்தது, சிரிப்போடு இருந்தது, சிரிப்பைச் சீவி எடுத்தேன். 'நில்லு' உம்மா பாட்டிலிருந்து வந்தது. 'நில்லுன்னா' என்பதில் வாலை வெட்டி, அழுகையைக் குறைத்து, சுருதியை ஒரு இழை ஏற்றினேன். அடியில் கப்பல் இன்ஜின் சத்தத்தை மெல்லிசாகப் பரப்பினேன். பிறகு மூச்சு. மனிதன் பேசினால் எங்கே மூச்சு வாங்குவான் என்று பார்த்துப் பார்த்து, அவனுடைய நிஜ மூச்சுகளையே தேடி எடுத்து வைத்தேன். ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்றால், கேட்கப்போகிறவளின் காது அப்படிப்பட்டது. நான் செய்த ரீமிக்ஸிலெல்லாம் அதுதான் சிறியது. அதுதான் சிறந்தது.

"அஃப்ஷீன், இன்னைக்குச் சாயங்காலம் சௌல்தாரி நாலாவுக்கு வா, பழைய படிக்கு. டோங்கியில கேமராக்காரன் வருவான். சூரியன் விழுறப்ப கடைசிப் படியில நில்லு. அண்ணனுக்குச் சொல்லாத. சர்ப்ரைஸ்."

இவ்வளவுதான். ட்ராக் அனுப்ப வசதியாக அவன் வாட்ஸ்அப் என் லேப்டாப்பில் எப்போதும் திறந்தே இருக்கும். அதிலிருந்து அனுப்பினேன், அவன் பக்கத்தில் அழித்தேன், கணக்கை மூடினேன். என் கையிலிருந்த பிரதியையும் அழித்துவிட்டேன். அதை அழிக்கும்போது மட்டும் மனசு கொஞ்சம் வருத்தப்பட்டது.

அவள் வந்தாள். ஸ்கூட்டியை ரோட்டில் விட்டுவிட்டு, தோப்பு வழியாக நடந்து வந்தாள். மாம்பழ நிறச் சுடிதார், தலையில் அதே நிறத்தில் துப்பட்டா. வீடியோவுக்கென்று கண்ணுக்கு மை தீட்டியிருந்தாள். நான் பாக்கு மரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றி மேல்படியில் வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள், போனை வாயருகே கொண்டுபோய் ஏதோ பேசினாள், சிரித்தாள். அங்கே டவர் கிடையாது, அதனால் நான் கவலைப்படவில்லை. போனைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, வழுக்கும் என்று பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கினாள். கடைசிப் படியில் கணுக்கால் அளவு தண்ணீர். சூரியனைப் பார்த்து நின்றாள்.

அதற்கு முந்தின சில நாட்களாக நான் எதையும் கொட்டவில்லை. பசிக்க வேண்டும் அல்லவா. அன்றைக்கு வாளியை மட்டும் எடுத்துப்போயிருந்தேன், வெறும் வாளி. கல்லில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஷமீரின் முதல் ட்ராக்கைப் போட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்டால் அது காதிலேயே தங்கிவிடும், அப்புறம் எந்தப் பாட்டையும் சுத்தமாகக் கேட்க முடியாது. ட்ராக் முடிந்ததும் கழற்றினேன். நாலா அமைதியாக இருந்தது. போனையும் செருப்பையும் நான் தொடவில்லை. வீட்டுக்கு வந்து கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தேடியவர்களோடு நானும் தேடினேன், டார்ச் என்னுடையதுதான். காட்டிலாகாவிலிருந்து வந்து கூண்டு வைத்தார்கள். அதில் கட்ட என்னிடம்தான் கோழி வாங்கினார்கள். வேண்டாம் என்று சொல்லியும் காசு கொடுத்தார்கள்.

ஷமீரை நீங்கள் விசாரித்தபோது அவன் பக்கத்தில் நான் இருந்தேன், ஞாபகம் இருக்கும். அவளுடைய போனிலிருந்த நோட்டைப் போட்டுக் காட்டினீர்கள். முதலில், தான் அனுப்பவில்லை என்றான். இரண்டாம் தடவை கேட்டுவிட்டு, "கொரல் என்னோடதுதான் மேடம். மாத்திரை போட்டுட்டுப் படுத்திருந்தேன். மயக்கத்துல நான்தான் பேசி அனுப்பிருப்பேன்போல" என்றான். சொந்தக் குரலுக்குச் சொந்தக்காரனுக்கே ஒட்டுத் தெரியவில்லை. உங்கள் எதிரில் நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தது துக்கத்தால் என்று நினைத்திருப்பீர்கள்.

நான் காத்திருந்தேன். அறையைப் பெருக்கி, மைக்கைத் துடைத்து வைத்திருந்தேன். உம்மாவுக்கு அப்படி ஒரு பாட்டு வந்ததென்றால் இதற்கு எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் வரவில்லை. நானே கடைக்குப் போனேன். கவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். பெண்ணின் வாப்பா தெருவில் அவனைப் பார்த்தால் காறித் துப்புகிறாராம். பாடு தம்பி, பாடினால் பாரம் குறையும் என்றேன். அவன் தன் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டான். "இந்தக் கொரல்தான் அண்ணே அவள அங்க கூப்ட்டுச்சு. இனிமே இத நான் கேக்கமாட்டேன்" என்றான். இப்போது அவன் வாடிக்கையாளர்களிடம்கூடப் பேசுவதில்லை. விலையைக் கால்குலேட்டரில் அடித்துக் காட்டுகிறான்.

அதனால்தான் வந்தேன், மேடம். அவன் படும் வேதனையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவன் செய்யாத ஒன்றை ஊரெல்லாம் அவன் செய்ததாகப் பேசுவது நியாயமா? அது அவன் குரல்தான், ஆனால் அவன் வேலை இல்லை. அப்படி ஒன்றைச் செய்ய அவனுக்குத் தெரியாது. இந்தத் தீவுகளில் யாருக்கும் தெரியாது. அவ்வளவு கூர்மையான காது, அவளுக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் படியில் நின்றிருப்பாளா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

கம்ப்யூட்டரில் என்ன தேடுகிறீர்கள்? அவள் போனிலிருந்து எடுத்த காப்பியா? அனுப்பாமல் நின்றுபோன நோட் ஒன்று இருந்ததா? அப்போது நீங்கள் யாரிடமும் சொல்லவில்லையே. அர்த்தம் புரியவில்லை என்று விட்டுவிட்டீர்கள், சரி. போடுங்கள்.

"ஷமீர், கடைசிப் படிக்கும் நில்லுக்கும் நடுவுல மூச்சே இல்ல. இது நீ பேசினது இல்ல, அண்ணன் ஒட்டினது, எனக்குத் தெரியும். அண்ணனுக்குச் சொல்லாதன்னு அண்ணனே ஒட்டி அனுப்பிருக்காரு, பாவம். ரெண்டு பேரும் சேந்து எனக்கு ஏதோ பெருசா பண்றீங்க. நான் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன். அண்ணன் இவ்ளோ கஷ்டப்பட்டிருக்காருல்ல. இந்தா, எறங்கி நிக்கிறேன்."

இன்னொரு தடவை போடுங்கள்.

இல்லை, போதும். அவள் போன் பழையது, மேடம். அதன் ஸ்பீக்கரில் மெல்லிய சத்தமெல்லாம் விழுங்கிப்போகும். ஹெட்போன் போட்டுக் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். என்னுடைய அந்த நோட்டைப் போடுங்கள், சத்தத்தைக் கூட்டி வைத்து, அந்த இடத்தில் நிறுத்துங்கள், நான் காட்டுகிறேன். வேண்டாமா? சரி, எழுதிக்கொள்ளுங்கள். பலகையைப் பிடுங்கியது நான். குடலைக் கொட்டிப் பழக்கியது நான். அவளை வரவழைத்ததும், வாளியைத் தட்டியதும் நான். அஃப்ஷீனைக் கொன்றது நான்தான், எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த இடத்தில் மூச்சு இருந்தது, மேடம். நானே வைத்தேன்.